கோமளா டீச்சரும் பதினான்கு போன்களும்

கோமளா டீச்சருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று, கணக்கில் வழிமுறையை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுவது. இன்னொன்று, வகுப்பில் செல்போன் அடிப்பது. திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் அவர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போன வருடம் நாங்கள் பதினான்கு பேர் இருந்தோம். இந்த இரண்டு குற்றங்களையும் வாரம் தவறாமல் செய்தோம்.

பதினான்கு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பத்தாம் வகுப்பை எந்தக் காலத்திலோ கோட்டைவிட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர்கள். இப்போது தனித்தேர்வர்களாக அதை எழுதிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருந்தோம். என் பெயர் ஜெபக்குமார். வயது நாற்பத்து மூன்று, சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். திருப்பூருக்கு வந்து பிளாட்லாக் தையல் மெஷின் மிதிக்கத் தொடங்கி இருபத்தோரு வருடம் ஆகிறது. பதினாறு வயதில் இங்கிலீஷில் பதினொன்று வாங்கினேன். அதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

டீச்சருக்குப் பிறந்த வீடு பொங்கலூர். அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். முட்டை அட்டைகளை அடுக்கி அடுக்கித்தான் தனக்குப் பெருக்கல் வந்தது என்று டீச்சர் சொல்வார். கணிதத்தில் பட்டம், பிறகு பி.எட்., பிறகு அருள்புரத்தில் வாழ்க்கைப்பட்டு ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடம் வேலை. அங்கேயும் போன் விஷயத்தில் அவர் யாருக்கும் இறங்கிப் போனதில்லை. ஒரு பையனிடம் வகுப்பில் பிடுங்கிய போனைத் திருப்பிக் கொடுக்கும்படி மேலிடத்திலிருந்து சொன்னார்கள். வேண்டப்பட்ட வீட்டுப் பையனாம். டீச்சர் போனைக் கொடுத்தார். கூடவே ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஒரு மாதம் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை என்று அவருடைய கணவர் அர்த்தநாரி அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அர்த்தநாரி அண்ணன் சின்னதாக ஒரு அயர்னிங், பேக்கிங் யூனிட் நடத்துகிறார். அங்கே பேக்கிங்கில் இருந்த ஒரு அம்மா ஒருநாள், “எனக்குப் பத்தாவது எழுதோணுங்க, சொல்லித் தருவீங்களா?” என்று டீச்சரிடம் கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிறே யூனிட்டின் மாடி ஹாலில் ஒரு கரும்பலகை ஏறிவிட்டது. கேட்ட அம்மா இரண்டே வாரத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆனால் வகுப்புக்கு ஆள் சேர்ந்துகொண்டே இருந்தது. பேக்கிங் டேபிள்தான் எங்களுக்கு டெஸ்க். ஏற்றுமதிக்கு ஒதுக்கிய அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். பொன்னுச்சாமி அண்ணன் உட்கார்ந்த பெட்டி மட்டும் மாதம் ஒருமுறை அமுங்கிப் போகும்.

போனைப் பற்றிய முதல் சண்டை முதல் நாளே வந்தது. அதை ஆரம்பித்தவன் நான்தான். எங்கள் பெரிய கம்பெனிகளில் வேலைக்குப் போனால் கேட்டிலேயே வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துவிட வேண்டும். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கொடுத்த டிசைனை நாங்கள் போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பிவிடுவோமாம். டோக்கன் கொடுத்து, போனைத் தட்டில் வைத்துவிடுவார்கள். திங்கள் முதல் சனி வரை பகல் வெளிச்சத்தில் எங்கள் போனை நாங்களே பார்ப்பது அபூர்வம். ஊரில் இருக்கிற அப்பா அம்மா, பிள்ளைகள், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற சொந்தம், எல்லோரும் எங்களைப் பிடிப்பது ஞாயிற்றுக்கிழமையில்தான்.

“ஆறு நாளும் வாட்ச்மேன் வாங்கி வைக்காரு டீச்சர். மிச்சம் இருக்கது இந்த ஒரு நாள்தான். அதையும் நீங்க வாங்கி வச்சா எப்படி?” என்று கேட்டேன்.

“ஏனுங்க ஜெபக்குமார், ஆறு நாள் அவருக்குக் குடுக்கறீங்க. எனக்கு மூணு மணி நேரம் குடுக்க மாட்டீங்களா?” என்றார் டீச்சர்.

நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். ஆனாலும் முதலில் டீச்சர் போனை வாங்கவில்லை. சைலண்டில் வைத்தால் போதும் என்றார். சைலண்ட் என்றால் எங்கள் ஆட்களுக்கு வைப்ரேஷன்தான். நீளமான பேக்கிங் டேபிளில் ஒரு போன் உறுமினால் பதினான்கு பேருக்கும் உடம்பு நடுங்கும். யாருடையது என்று பதினான்கு பேரும் தடவிப் பார்ப்போம். அதற்குள் ஒரு கணக்கு முடிந்துவிடும்.

அடுத்து பிளாஸ்டிக் தட்டு வந்தது. உள்ளே வரும்போதே எல்லோரும் அதில் போனைப் போட்டுவிட வேண்டும். தட்டுக்குப் பொறுப்பு சின்னத்தாய். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், வயது முப்பத்தாறு, ஒரு பெரிய கம்பெனியில் செக்கிங்கும் பேக்கிங்கும் பார்க்கிறவள். முதல் வாரம் அவள் செய்த காரியம் திருப்பூரில் மட்டும்தான் நடக்கும். கை சும்மா இருக்காமல் எல்லாப் போனையும் உறையைக் கழற்றி, கலர்வாரியாகப் பிரித்து, சைஸ்வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக வைத்துவிட்டாள். உறைகள் எல்லாம் தனியாக ஒரு பாலிதீன் கவரில் இருந்தன. கறுப்பில் ஒன்பது, நீலத்தில் மூன்று, தங்க நிறத்தில் இரண்டு. ஷிப்மெண்ட் போக வேண்டியதுதான் பாக்கி.

அன்றைக்குப் பொன்னுச்சாமி அண்ணன் என் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டு பேருக்கும் பூட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று என் மனைவி அடித்திருக்கிறாள். எடுத்தது பொன்னுச்சாமி அண்ணனின் மனைவி மாரக்காள் அக்கா. “அவரு இப்பத்தானுங்க சாப்புட்டுப் படுத்திருக்காரு, எழுப்பட்டுங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் வீட்டில் நான்கு நாள் விளக்கம் சொன்னேன்.

தட்டு முறை அத்தோடு ஓய்ந்தது. டீச்சர் புதுச் சட்டம் போட்டார். போன் அவரவரிடமே இருக்கலாம்; ஆனால் யாருடையது சத்தம் போடுகிறதோ அவர் எழுந்து வந்து கரும்பலகையில் ஒரு கணக்குப் போட வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொது. டீ கொண்டுவந்த அர்த்தநாரி அண்ணனின் சட்டைப்பையில் கண்டெய்னர் டிரைவரின் அழைப்பு வந்தபோது, டீச்சர் அவர் கையிலும் சாக்பீசைக் கொடுத்தார். பாவம், வியர்த்து விறுவிறுத்துப் போனார். அதற்குப் பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

இந்தச் சட்டத்தால் வாழ்ந்தவர் பொன்னுச்சாமி அண்ணன். கட்டிங் மாஸ்டர், ஐம்பத்து நான்கு வயது. மாரக்காள் அக்காவுக்கு அவரிடம் கேட்க எப்போதும் ஏதாவது இருக்கும். கறிவேப்பிலை, கேஸ் சிலிண்டர், மோட்டார் சுவிட்ச். ஒரு வகுப்புக்கு ஐந்து தடவை அடிப்பார்.

“ஊட்டுல இருந்துங்க டீச்சர். எடுக்கலீன்னா மறுபடியும் அடிப்பாளுங்க.”

“அடிக்கட்டுமுங்க. நீங்க வாங்க, இருபடிச் சமன்பாடு காத்துட்டு இருக்குது.”

ஐந்து அழைப்பு, ஐந்து கணக்கு. நான்கு மாதத்தில் எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் ஆள் அவர்தான். எனக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. என் மனைவி அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்கு அடிப்பதையே நிறுத்தியிருந்தாள்.

கணக்கில் கடைசி ஆள் சின்னத்தாய். அவள் போன் ஒருநாளும் வகுப்பில் அடித்தது இல்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியாது.

சின்னத்தாயும் அவள் புருஷன் தவசியும் இரண்டு பேருமே ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஒரே மகள் அபிராமியை ஊர்ப் பக்கம் ஒரு ஆஸ்டலில் சேர்த்திருந்தார்கள். பெண் பத்தாம் வகுப்பு. ஆஸ்டலில் ஞாயிறு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வார்டன் போனில் வீட்டுக்குப் பேசலாம். பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும், ஆளுக்குப் பத்து நிமிஷம். அபிராமிக்கு முன்னால் நிற்கிற பிள்ளை எப்போதும் ஏழு நிமிஷத்தில் முடித்துவிடுவதால், அவள் முறை பதினொன்று ஏழுக்கு வரும். பதினொன்று ஐந்துக்கு சின்னத்தாய், “டீச்சர், பாத்ரூம் போயிட்டு வாரேன்” என்று எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். டீக்குப் பிறகு கணக்கு என்பதால் முக்கியமான இருபது நிமிஷம் வாராவாரம் போய்விடும். மாதத் தேர்வில் பதினொன்று வாங்கினாள், அடுத்த மாதம் ஒன்பது.

“டீச்சர்ட்ட சொல்லிட்டு இங்கேயே பேசலாம்லா?” என்று ஒருமுறை படியில் வைத்துக் கேட்டேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டுந்தான் சொல்லுதேன். வெளியில மூச்சு விடக் கூடாது. நான் பத்தாவது பாஸ்னு எம் மவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்கு வரவில்லை என்று அழுதிருக்கிறாள். ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, “நான் பத்தாவதுல கணக்குல எழுவது வாங்குனவ, என் மகளுக்கு வராதா?” என்று சொல்லிவிட்டாள் இவள். அந்த எழுபது அப்படியே வீட்டில் குடியேறிவிட்டது. பரீட்சை வந்தால் எழுபது, மார்க் குறைந்தால் எழுபது. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் சின்னத்தாய்க்கு நெஞ்சில் நெருப்பு விழுந்தது. பாடத்தில் சந்தேகம் கேட்டால் என்ன செய்வது? என்றைக்காவது சர்டிபிகேட்டைக் காட்டு என்றால்? அவள் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். தவசி அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“இந்தப் பரீட்சையில பாஸாயிட்டா அது பொய்யே இல்ல பாருங்க அண்ணாச்சி. கொஞ்சம் முன்ன பின்ன, அவ்வளவுதான்” என்றாள். சத்தியம் கேட்டாள். எங்கள் பைபிளில் சத்தியம் பண்ணாதே என்று சொல்லியிருப்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பினோம். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. டீச்சருக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. முதல் ஞாயிறு உள்ளே நுழையும்போதே பழைய பிளாஸ்டிக் தட்டு அவருடைய மேஜைமேல் இருந்தது.

“இனிப் பரீட்சை வரைக்கும் போனெல்லாம் இங்க. டீ டைமுக்கும் குடுக்க மாட்டனுங்க. கிளாஸ் முடிஞ்சு வாங்கிக்கலாம். பாத்ரூம் போறவங்களும் டீ டைம்லயே போயிட்டு வந்துருங்க.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் சின்னத்தாய்மேல் இருந்தது. மொட்டைமாடி விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். மொட்டைமாடியில் யாருடன் என்ன பேச்சு என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

சின்னத்தாய் போனைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போர்டைப் பார்த்தேன். அப்போதாவது எழுந்து, டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்ன விஷயம் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினொன்று ஏழுக்குத் தட்டில் போன் அடித்தது. சின்னத்தாய் வெடுக்கென்று எழுந்தாள்.

“டீச்சர், நான் எடுத்துக்கிடுதேன்...”

“நீங்க போர்டுக்கு வாங்க. போனை நான் பார்த்துக்கறேன்” என்று டீச்சர் போனைக் கையில் எடுத்தார். திரையில் ‘அபி ஆஸ்டல்’ என்று இருந்தது. அதைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் வினை. கோபமாக எடுத்திருந்தால் வைத்துவிட்டிருப்பார்.

“கண்ணு, நான் உங்கம்மாவோட டீச்சர் பேசறேன். அம்மா இப்பக் கணக்குக் கிளாஸ்ல இருக்காங்க. உனக்குத் தெரியுமா, உன்ற கூடவே அவிங்களும் இந்த வருசம் பத்தாவது எழுதறாங்க! இந்த வயசுல எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? நீ பெருமைப்படோணும். மத்தியானத்துக்கு மேல கூப்புடச் சொல்றேன், என்ன?”

மத்தியானத்துக்கு மேல் ஆஸ்டலுக்குக் கூப்பிட முடியாது. அது டீச்சருக்கு எப்படித் தெரியும்? போனை வைத்துவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பினார். சின்னத்தாய் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாக்பீஸ் இருந்தது. சாக்பீசை மெதுவாக டேபிளில் வைத்தாள், தட்டிலிருந்து தன் போனை எடுத்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். புத்தகப் பை பெட்டிமேலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. டீச்சர் தன் வாழ்நாளில் முதல்முறையாக வகுப்பு நேரத்தில் ஒரு மாணவிக்குத் தானே போன் செய்தார். ஏழு தடவை அடித்தும் அவள் எடுக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

டீச்சர் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்மேல் பாய்ந்தார். “ஏனுங்க, அன்னைக்கு நான் போனை எடுக்கறப்ப வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஒரு இருமல் இருமியிருந்தாக்கூட நிறுத்தியிருப்பேனே!” திட்டும்போதே குரல் உடைந்தது. “பத்தொன்பது வருசம் பசங்க போனைப் புடுங்கியிருக்கேன். ஒருத்தர் போனைக்கூட நான் எடுத்துப் பேசுனதில்லைங்க. இப்பப் போயி...” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறு ஞாயிறும் பெட்டி காலியாகத்தான் இருந்தது. டீ வந்ததும் டீச்சர் சாக்பீசைப் பொன்னுச்சாமி அண்ணன் கையில் கொடுத்து, “முக்கோணவியல் அஞ்சாவது கணக்குல இருந்து நீங்க பாருங்க” என்றார். தன் ஸ்கூட்டரை எடுத்தார். வழிகாட்ட நான் என் வண்டியில் முன்னால் போனேன்.

சின்னத்தாயின் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஐந்தாவது. தவசி அண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

“வாங்க டீச்சர். நீங்களாவது கேளுங்க. புள்ள போனைக்கூட எடுக்க மாட்டேங்கா. போன வாரம் அடிச்சு அடிச்சு ஓஞ்சிட்டு. நான் எடுத்துப் பேசுதேன்னாலும் விட மாட்டேங்கா.”

சின்னத்தாய் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். சீராக, ஒரே அளவாக, பேக்கிங்குக்குப் போகிற மாதிரி. டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள். டீச்சர் உட்காரவில்லை.

“சின்னத்தாயி, தப்பு என்மேலதானுங்க. அடுத்தவங்க போனை எடுத்தது தப்பு. கேக்காம வாயைத் தொறந்தது அதைவிடத் தப்பு. மன்னிச்சுக்கோங்க.”

“நீங்க என்ன டீச்சர் தப்பு செஞ்சீங்க? பெருமையாத்தான சொன்னீங்க. பொய் சொன்னவ நான்.” சின்னத்தாய் துணியைக் கீழே வைத்தாள். “எழுவது எழுவதுன்னு அவளை எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா? இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்டப் பேச?”

அப்போது ஜன்னல் திண்டில் இருந்த போன் அடித்தது. மணி பதினொன்று ஏழு. நான்கு பேரும் அதையே பார்த்தோம். சின்னத்தாய் கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். போன் அடித்து நின்றது.

“போச்சு. எடுக்கலைன்னா புள்ள வரிசையில கடைசிக்குப் போவணும். பன்னெண்டுக்குள்ள மறுபடி முறை வந்தாத்தான் உண்டு” என்றார் தவசி அண்ணன்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து ஒரு வினாத்தாளையும் நோட்டையும் எடுத்தார்.

“எனக்கு ஆறுதல் சொல்ல வராதுங்க. கணக்குத்தான் வரும். அந்த முறை வர்ற வரைக்கும் இதைப் பார்ப்போம், வாங்க.”

சின்னத்தாய் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் குனிந்து காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் சின்னத்தாய், “டீச்சர், அது மைனசு” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. டீச்சர் பார்த்தார், அடித்தார், திருத்தினார். அப்படியே மூன்று கணக்கு ஓடியது. தவசி அண்ணன் டீ போட்டுக்கொண்டுவந்து வைத்தார். யாரும் குடிக்கவில்லை. நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு மறுபடி அடித்தது. சின்னத்தாய் இந்த முறை எடுத்துவிட்டாள். அவள் போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் போய் மூன்று மாதமாகிறது. சத்தமாகப் போட்டால்தான் கேட்கும். அதனால் வேண்டாம் என்றாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“எம்மா. ஏன் போனை எடுக்கல? இன்னைக்கு ரெண்டு தடவை வரிசையில நின்னுட்டேன்.”

“ஓவர் டைம்...” என்று ஆரம்பித்த சின்னத்தாய் பாதியில் நிறுத்தினாள்.

“எம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன், திட்டக் கூடாது. நீ பெயிலுன்னு எனக்கு ஆறாப்பு படிக்கையிலயே தெரியும்.”

சின்னத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்டல்ல சேர சாதிச் சான்றிதழ் தேடுனோம்லா, அதே கவர்லதான் ஒன் மார்க் சீட்டும் இருந்துச்சு. கணக்குல இருவத்திமூணு.”

“அப்பவே ஏன்டி கேக்கல?”

“கேட்டா நீ அதைச் சொல்லுறத நிறுத்திருவ. நீ எழுவதுன்னு சொல்லும்போது எனக்கு ஆசையா இருக்கும்மா. நமக்கும் வந்துரும்போலன்னு தோணும்.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப நெசமாவே படிக்கியா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எப்பலருந்து?”

“ஜூன் மாசத்துலருந்து.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாம்மா. ரெண்டு பேரும் சேந்து படிச்சிருக்கலாம்லா. இந்தப் பத்து நிமிசமும் சாப்பிட்டியா, குளிச்சியான்னு கேட்டே தீந்துருது.”

சின்னத்தாய் வாய்விட்டு அழுதாள். அடக்கிப் பார்த்து முடியாமல் அழுதாள். தவசி அண்ணன் திரும்பிப் பைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பக்கத்துல யாரும்மா? இன்னொரு ஆள் அழுத சத்தம் கேக்கு.”

“டீச்சர் வந்திருக்காங்க.”

“அன்னைக்கு எடுத்தாங்களே, அவங்களா? குடு.”

சின்னத்தாய் போனை நீட்டினாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாங்கினார்.

“டீச்சர், எனக்கு வாரத்துல பத்து நிமிசந்தான். அன்னைக்கு நீங்களே பேசிட்டு ஒரு நிமிசத்துல வச்சிட்டீங்க. வார்டன் அடுத்த புள்ளகிட்டப் போனைக் குடுத்துட்டாங்க. இனிமே எங்கம்மா போனை நீங்க எடுக்காதீங்க.”

“ஏ அபி!” என்று தவசி அண்ணன் பதறிப்போய் ஓடிவந்தார். டீச்சர் கையமர்த்தி அவரை நிறுத்தினார். ஒரு பள்ளிக்கூடமே பார்த்து நடுங்கிய டீச்சர், நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். போனில் இருந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையோடு பதில் சொன்னார்.

“சரிங்க சாமி. இனி எடுக்க மாட்டனுங்க.”

பரீட்சை முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைக்க இது டிவி சீரியல் இல்லை. அம்மாவும் மகளும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை வேறு வேறு ஊரில் எழுதினார்கள். இரண்டு பேரும் பாஸ். சின்னத்தாய்க்குக் கணக்கில் முப்பத்தெட்டு, மகளுக்கு ஐம்பத்தாறு. பொன்னுச்சாமி அண்ணன் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கினார். வீட்டில் கேக் வெட்டிய மாரக்காள் அக்கா, எல்லாம் தன்னால்தான் என்றார், யாரும் மறுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷில் நாற்பது வந்தது. டீச்சர் எங்கள் மார்க் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, “முப்பத்தெட்டுக்கு இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமுங்க” என்றார். அவருக்கு வேறு எப்படியும் சந்தோஷப்படத் தெரியாது.

ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது மார்க்கை இல்லை, அந்த லைன் வீட்டுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையை. சின்னத்தாய் வந்து தன் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பதின்மூன்று போன் இருந்தது. பதினான்காவது போனை டீச்சரே அவள் முன்னால், நோட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பதினொன்று ஏழுக்கு அது அடித்தது. டீச்சர் பாதிக் கணக்கில் இருந்தார். சாக்பீசை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, ஓரமாக ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். சின்னத்தாய் வழக்கம்போல எழுந்து படியைப் பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்து, போனைச் சத்தமாகப் போட்டு, டேபிள்மேல் வைத்தாள். நாங்கள் எல்லோரும் நோட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டோம்.

“எம்மா, எங்க இருக்க?”

சின்னத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மாடி ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“கணக்குக் கிளாஸ்ல இருக்கேன்டி.”